ஒரகடத்தை யார் வரைவது?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் பெயின்டுக்குப் பஞ்சமே கிடையாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. 2012 ஏப்ரலில் அதே ஒரகடத்தில் 400 ஏக்கரில் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை திறக்கப்பட்டது. வாகன ஆலை என்றால் அதில் ‘பெயின்ட் ஷாப்’ தனி உலகம். தூசு ஒரு பொட்டு உள்ளே போகக் கூடாது. பாடி ஷாப்பிலிருந்து வரும் வெற்றுத் தகட்டுக் கூட்டைக் கழுவி, ப்ரைமர் அடித்து, மேல் வண்ணம், பளபளப்புப் பூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் காயவைத்து அனுப்புவார்கள். இத்தனை வண்ணம் செலவாகிற இந்த மண்ணையும் இங்கே வேலை செய்கிறவர்களையும் வரைந்த ஓவியம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஓவியம் தெரிந்தவர்களுக்குக்கூடச் சட்டென்று ஒரு பெயரும் வாயில் வராது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு இளைஞர்களில் பெரும் கூட்டம் ஒன்று எப்படிப் பிழைக்கிறது என்பதற்குச் செய்திப்படங்கள் உண்டு, கம்பெனி விளம்பரங்கள் உண்டு. சுவரில் மாட்டி நின்று பார்க்கும்படியான ஒரு படம் இல்லை.

லாரி கட்டும் வித்தையை ஜெர்மனியிலிருந்து இறக்கிக்கொண்டோம். அதே ஜெர்மனியில், தொழிற்சாலையைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைகிற வித்தையும் இருநூறு ஆண்டுகளாக வளர்ந்துவந்திருக்கிறது. அதை நாம் இறக்குமதி செய்யவில்லை. கலை வரலாற்றுப் பாடப்புத்தகங்கள் ஜெர்மன் ஓவியத்தை ரொமான்டிசிசம், ரியலிசம், எக்ஸ்பிரஷனிசம், ‘புதிய புறவயம்’, சோஷலிச யதார்த்தம் என்று இயக்கம் இயக்கமாகப் பிரித்து, வண்ணமும் கோடும் எப்படி மாறின என்று சொல்லித்தரும். அந்தப் பிரிப்பு வசதியானது, ஆனால் மேலோட்டமானது. பாணிகளுக்கு அடியில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: வரைகிறவர் வேலை செய்கிறவரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார்? எந்தப் படம் உண்மையைச் சொல்கிறது, எந்தப் படம் மழுப்புகிறது என்பது பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான் முடிவாகிறது. ஒரகடத்தை வரையப்போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தீர்க்கவேண்டியதும் இதைத்தான்.

ஜெர்மன் ஓவியம் என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ். 1818 வாக்கில் அவர் வரைந்த படத்தில் ஒரு மனிதர் பாறை உச்சியில் நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பனிமூட்டக் கடலைப் பார்க்கிறார். நிலம் அங்கே தியானத்துக்கான இடம். அதில் உழுகிறவரோ சுமக்கிறவரோ இல்லை. சுமார் 1830-இல் கார்ல் ப்ளெஹன் என்ற ஓவியர் அந்த நிலத்துக்குள் முதல் தொந்தரவைக் கொண்டுவந்தார். எபர்ஸ்வால்டே ஊரின் இரும்புத் தகட்டு ஆலையை அவர் வரைந்தபோது, முன்னால் நீர், பின்னால் புகைபோக்கிகள், மேலே வானத்தில் கலையும் புகை என்று அமைத்தார். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையிலோ ஒரகடம் ஏரிக்கரையிலோ நின்று சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பார்க்கிறவருக்கு இந்த அமைப்பு பழக்கமானதாக இருக்கும்: நீர், கரை, அதற்கப்பால் நீலமும் சாம்பலுமாகத் தகரக்கூரைகள். ப்ளெஹன் நேர்மையாகவே பார்த்தார். ஆனால் அக்கரையில் நின்று பார்த்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அந்தத் தூரத்திலிருந்து தெரியாது.

உள்ளே போனவர் அடோல்ஃப் மென்ட்செல். இவர் அரண்மனை ஓவியர் என்று பெயர் வாங்கியவர். பிரஷ்ய மாமன்னர் ஃப்ரெடெரிக் மெழுகுவத்தி வெளிச்சத்தில் புல்லாங்குழல் வாசிக்கும் காட்சியை 1850-களின் தொடக்கத்தில் வரைந்து முடித்தவர். அப்படிப்பட்டவர், ஐம்பத்தேழு வயதை நெருங்கும்போது, 1872-இல் மேல் சிலேசியாவின் கோனிக்ஸ்ஹுட்டே நகரத்து இரும்பு ஆலைக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட பென்சில் சித்திரங்கள் எடுத்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. சித்திரங்களிலிருந்து 1875-இல் முடித்த பெரிய எண்ணெய் ஓவியம் ‘இரும்பு உருட்டாலை’. இன்று பெர்லினின் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தக் கித்தான் இரண்டரை மீட்டர் அகலம்.

அந்தப் படத்தை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட முடியாது. நடுவில் பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டு. அதை இடுக்கிகளால் பிடித்து உருளைகளுக்கு நடுவே செலுத்துகிறார்கள். ரயில் தண்டவாளம் உருவாகிறது. படத்தின் வெளிச்சம் முழுவதும் அந்த இரும்பிலிருந்தே வருகிறது, முகங்களில் பாதிதான் தெரிகிறது. அது வீரக் காட்சி, எவரும் வரைந்துவிடுவார். மென்ட்செலின் கண் ஓரங்களில் வேலை செய்கிறது. இடப்பக்கம் ஷிப்ட் முடிந்தவர்கள் சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவுகிறார்கள். வலப்பக்கம் கீழே, தீப்பொறி படாமல் இருக்க ஒரு தகட்டைத் தடுப்பாக வைத்துக்கொண்டு, சிலர் அவசரமாகச் சாப்பிடுகிறார்கள். ஒருவர் பாட்டிலை வாயில் கவிழ்க்கிறார். சாப்பாட்டுக் கூடை கொண்டுவந்த பெண் குனிந்தபடியே நம்மை நிமிர்ந்து பார்க்கிறாள். கூட்டத்தில் நம்மைக் கவனித்தவள் அவள்தான். தூரத்தில், புகைக்கு நடுவே, தொப்பி போட்ட மேலாளர் ஒருவர் எதிலும் கைவைக்காமல் நிற்கிறார். வேலை, குளியல், சாப்பாடு, மேற்பார்வை: ஓர் ஆலையின் முழுநாளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தையும் உற்பத்தியாகவே கருதும் இடம் இது என்பதை ஒரு தகரத் தடுப்பை வைத்துச் சொல்லிவிட்டார். ‘கேன்டீனுக்குப் பத்து நிமிடம், கை கழுவ இரண்டு நிமிடம்’ என்று கணக்குப் பார்க்கிற எந்த அசெம்ப்ளி லைன் தொழிலாளிக்கும் அந்த மூலை தனியாக விளக்கம் கேட்காது.

மென்ட்செல் புரட்சிக்காரர் இல்லை. படத்தை முதலில் வாங்கியவர் ஒரு வங்கி முதலாளி. அதே ஆண்டு அரசுக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தொழிலாளிக்கு ஆதரவான படமா, பிரஷ்ய இரும்புக்குப் புகழ்மாலையா என்று இன்றுவரை அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையே படத்தின் பலம். பக்கத்தில் போய் நின்று, பார்த்ததையெல்லாம் குறித்துக்கொண்டவரின் கையில், அவர் கொள்கையை மீறி உண்மை வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதற்கு நல்ல சாட்சி இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து வந்தது. 1898-இல் பெர்லின் பெருங்காட்சியில் கேட்டே கோல்விட்ஸ் என்ற இளம்பெண்ணின் ‘நெசவாளர் கிளர்ச்சி’ அச்சுத்தொடர் வைக்கப்பட்டபோது, அதற்குப் பதக்கம் தர வேண்டும் என்று பரிந்துரைத்த நடுவர் குழுவில் இருந்தவர் கிழவர் மென்ட்செல். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு டிரெஸ்டனில் அதே தொடருக்குப் பதக்கம் கிடைத்தது.

கோல்விட்ஸின் தொடரில் ஆறு படங்கள்: மூன்று கல்லச்சு, மூன்று செதுக்கச்சு. 1844-இல் சிலேசிய நெசவாளர்கள் கூலிக்காக எழுந்து நசுக்கப்பட்ட கதை. அதே கதையை வைத்து ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தை 1893-இல் பார்த்ததும் தொடங்கினார். முதல் படத்தைப் பாருங்கள். தாழ்ந்த கூரை, இருட்டு அறை. படுக்கையில் சாகக் கிடக்கும் குழந்தை. தலையை இரு கைகளால் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் தாய். பின்னால் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு தறி. வேலை செய்யும் இடமும் பிள்ளை சாகிற இடமும் ஒன்றே. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இருக்கிற காஞ்சிபுரம் மாவட்டத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. தறியை வீட்டுக்குள்ளேயே வைத்து, வீட்டின் பெரும்பங்கைத் தறிக்கே கொடுத்துவிட்டுப் படுக்க இடம் தேடிய குடும்பங்கள் பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று கம்பெனி பஸ் ஏறி சிப்காட்டுக்குப் போகிறார்கள். பட்டிலிருந்து பாடி ஷாப்புக்கு நடந்த இந்த இடமாற்றம் நம் காலத்தின் பெரிய கதைகளில் ஒன்று. அதை நாவலாக எழுதலாம், படமாகவும் எடுக்கலாம். வரைந்தால் முதலில் தேவைப்படுவது கோல்விட்ஸின் அந்த அறைக்குள் நிற்கும் துணிவு. அவர் தொடரின் ஐந்தாவது படத்தில் பெண்கள் தெருக்கற்களைப் பெயர்த்துக் கொடுக்க, ஆண்கள் முதலாளி வீட்டு அலங்காரக் கேட்டின்மேல் வீசுகிறார்கள். அங்கேயும் அவர் கூட்டத்துக்குள்தான் நிற்கிறார், மாடியில் இருந்து பார்க்கவில்லை.

ஹன்ஸ் பாலுஷெக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் பக்கம் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. 1900-இல் அவர் வரைந்த ‘பாட்டாளிப் பெண்கள்’ படத்தில், வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் கூட்டமாக நம்மை நோக்கி நடக்கிறார்கள். அழகு இல்லை, பரிதாபம் வேண்டுவதும் இல்லை. சோர்ந்த, கொஞ்சம் எரிச்சலான முகங்கள். பேரரசர் 1901-இல் இந்த மாதிரிக் கலையைச் சாக்கடைக் கலை என்று ஏசினார். ஸ்ரீபெரும்புதூரில் இந்தக் கூட்டம் பல மடங்கு பெரியது. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி மட்டும் 18,720 பெண்கள் தங்குவதற்கானது. செல்போன் சேர்க்கும் லைன்களுக்காகத் தென் மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிற இந்தப் பெண்கள் செய்திகளில் வருவது விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது போன்ற நாட்களில்தான். மற்ற நாட்களில் அவர்கள் எண்ணிக்கை.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ஜெர்மன் அளவுகோலை எடுத்துவந்து ஏன் நம் நிலத்தை அளக்க வேண்டும்? நமக்குச் சொந்தமான பார்வை இல்லையா? நியாயமான கேள்வி. ஆனால் ஜெர்மன் ஓவியம் இந்தியாவுக்கு வெளியாள் இல்லை. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த காண்டின்ஸ்கி, க்ளே, ஃபைனிங்கர் முதலானவர்களின் படைப்புகள் ககனேந்திரநாத் தாகூர் போன்ற வங்க ஓவியர்களின் படைப்புகளோடு ஒரே காட்சியில் தொங்கின. நாஜிகளின் ஜெர்மனியை விட்டு 1930-களில் பம்பாய் வந்து தங்கிய ரூடி வான் லேடன் என்ற விமர்சகர்தான், பிற்காலத்தில் உசேன், சூசா, ரஸா என்று நாம் கொண்டாடும் முற்போக்கு ஓவியர் குழுவுக்குத் தொடக்கத்தில் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். கோல்விட்ஸின் அச்சுப்படங்களோ இன்னும் தூரம் போயின. சீனாவில் எழுத்தாளர் லூ சுன் 1936-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். 1943 வங்கப் பஞ்சத்தில் மித்னாப்பூரில் நடந்துசென்று வரைந்த ஓவியர் சித்தப்ரசாத்தின் கோடுகளில் கோல்விட்ஸின் சாயலைக் காட்டாத விமர்சகர் குறைவு. சித்தப்ரசாத்தின் ‘பசித்த வங்கம்’ நூலின் பிரதிகளை ஆங்கில அரசு பறித்து அழித்தது. ஒரு வங்காளி ஒரு ஜெர்மன் பெண்ணிடமிருந்து கற்றதால் பஞ்சம் ஜெர்மனியுடையதாகிவிடவில்லை.

பக்கத்தில் நின்று பார்க்கும் பழக்கம் நம்மிடமும் இருந்தது என்பதே இந்த ஆட்சேபத்துக்குச் சரியான பதில். ஆனந்த விகடனில் சில்பி கோயில் சிற்பங்களை வரைந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தூணின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து, கல்லின் நுணுக்கங்கள்வரை எடுத்துக்கொண்டுவந்த கை அது. மென்ட்செலின் பென்சிலுக்கு அந்தப் பென்சில் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதே பொறுமை கல்லில் செதுக்கிய யாளிக்குக் கிடைத்தது, ஆலையில் இரும்பைப் பிடித்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. சென்னைக் கலைக்கல்லூரியின் கதையும் இதை ஒட்டியதுதான். அதன் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்து, 1959-இல் மெரினாவில் வைத்த உழைப்பாளர் சிலை நான்கு பேர் பாறையைப் புரட்டுகிற அற்புதமான உருவம். ஆனால் அவர்கள் எந்த ஆலையையும் சேர்ந்தவர்கள் இல்லை. உழைப்பு என்ற கருத்தின் நான்கு உடம்புகள். பெரம்பூரில் ரயில்பெட்டி ஆலை 1955-இலேயே வந்துவிட்டது, எண்ணூரில் லாரி அதற்கும் முன்பே. கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-இல் சோழமண்டலத்தை நிறுவியபோது தேடியது இந்திய அடையாளத்தை. எழுத்து, குறி, கோலம், சடங்கு வடிவங்களில் அதைத் தேடினார்கள். அந்தத் தேடலில் மிகச் சிறந்த படங்கள் பிறந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அருகிலேயே இரும்பு உருகிக்கொண்டிருந்தபோது இந்தியாவின் அடையாளம் ஜாதகக் கட்டத்தில் மட்டும் இருப்பதாக நம்பியது ஒரு பெரிய தவறவிடல் என்றே எனக்குப் படுகிறது.

ஜெர்மனியிலும் எல்லோரும் ஆலைக்குள் போகவில்லை. 1905-இல் டிரெஸ்டனில் நான்கு கட்டடக்கலை மாணவர்கள் தொடங்கிய ‘பாலம்’ குழுவின் கிர்ஹ்னர் பெர்லின் வீதிகளின் கூர்மையான பெண் உருவங்களைத் தேடிப் போனார். மியூனிக்கில் ஃப்ரான்ஸ் மார்க் நீலக் குதிரைகளிடம் போனார். உலகம் முழுக்கப் புகழ்பெற்றவை இவை, இங்கே நாம் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் கதை மறுபடி சூடுபிடிக்கிறது. ஓட்டோ டிக்ஸ் 1920-இல் வரைந்த ‘தீப்பெட்டி விற்பவர்’ போரில் கைகால் இழந்து நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார். கடந்துபோகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன, ஒரு குட்டை நாய் அவர்மேல் சிறுநீர் கழிக்கிறது. ஜார்ஜ் க்ரோஸ் 1926-இல் ‘சமூகத்தின் தூண்கள்’ என்று வரைந்ததில் பத்திரிகைக்காரர் தலையில் தொப்பிக்குப் பதிலாக மூத்திரச் சட்டியைக் கவிழ்த்தார். அரசியல்வாதியின் திறந்த மண்டையில் ஆவி பறக்கும் மலம். பத்திரிகையில் எழுதுகிற எவரும் அந்தப் படத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

இதே காலத்தின் இன்னொரு ஓவியர் கார்ல் கிராஸ்பெர்க்தான் ஒரகடத்துக்கு மிக நெருக்கமாக வருகிறவர், ஓர் எச்சரிக்கையாக. கொதிகலன்கள், குழாய்கள், இயந்திரங்கள். ஒவ்வொரு போல்ட்டும் துல்லியம். வண்ணம் கண்ணாடி போல. 1933-இல் அவர் வரைந்த ‘மஞ்சள் கொதிகலன்’ பார்த்தால் தொட வேண்டும் போல இருக்கும். மனிதர்கள் இல்லை. இயந்திரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போனவர் அதை ஓட்டுகிறவரைப் படத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார். இன்றைக்கு எந்தத் தொழில் மாநாட்டு மலரைப் புரட்டினாலும், எந்த முதலீட்டாளர் கையேட்டைத் திறந்தாலும் இதே படம்தான்: மினுங்கும் தரை, ஆரஞ்சு நிற ரோபோ கைகள், ஆளே இல்லாத லைன். வித்தியாசம், கிராஸ்பெர்க்கின் வெறுமையில் ஒரு குளிர் இருக்கிறது, பார்ப்பவருக்கு அது உறைக்கும். கையேட்டின் வெறுமை பெருமையாகவே நிற்கிறது. பொருளுக்குப் பக்கத்தில் நிற்பதும் ஆளுக்குப் பக்கத்தில் நிற்பதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

அடுத்த ஆட்சேபம் கடுமையானது. தொழிற்சாலையை வரையுங்கள், தொழிலாளியை வரையுங்கள் என்று ஓவியருக்குச் சொன்ன அரசுகளை ஜெர்மனி இரண்டு முறை பார்த்தது. இரண்டு முறையும் ஓவியம் நாசமானது. நாஜிகள் 1937 ஜூலையில் மியூனிக்கில் ‘சீர்கெட்ட கலை’ என்று டிக்ஸ், கிர்ஹ்னர், க்ரோஸ், மார்க் முதலானோரின் படங்களைக் கேலிக்காகத் தொங்கவிட்டார்கள். அதே வாரம் பக்கத்திலேயே திறந்த அரசுக் காட்சியில் வீர உடம்புகளும் உழவர் குடும்பங்களும். பின்வந்த ஆண்டுகளில் நெடுஞ்சாலைப் பாலங்களும் உருக்காலைகளும் கம்பீரமாக வந்து சேர்ந்தன. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில், 1959 ஏப்ரலில் பிட்டர்ஃபெல்ட் ரசாயன ஆலையின் கலாசார மாளிகையில் மாநாடு நடத்தி, கலைஞர்கள் ஆலைக்குள் போக வேண்டும், தொழிலாளர்கள் பேனாவை எடுக்க வேண்டும் என்று கட்சி சொன்னது. விளைந்ததில் பெரும்பகுதி சிரிக்கும் முகங்கள், உயர்த்திய கைகள். அப்படியானால் தொழிற்சாலை ஓவியம் என்பதே ஆட்சிக்கு மாலை போடும் வேலைதானா?

பெரும்பகுதி அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே கிழக்கு ஜெர்மனியில், அதே கட்சியின் கீழ், லைப்ஸிக் ஓவியர் வோல்ஃப்காங் மாட்டோயர் 1973–74-இல் ‘பாராட்டுப் பெற்றவள்’ என்று ஒரு படம் வரைந்தார். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. அதன் பின்னால் வயதான தொழிலாளிப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் சில பூக்கள். கண் தாழ்ந்திருக்கிறது, சிரிப்பில்லை, பக்கத்தில் யாருமில்லை. விழா முடிந்துவிட்டது, அல்லது விழா அவளைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. அரசு கேட்ட பொருளையே கொடுத்தார்: பாராட்டப்பட்ட தொழிலாளி. அரசு கேட்ட பொய்யைக் கொடுக்கவில்லை. மேசைக்கு எதிரில், ஒரு கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்ததால் அவருக்கு அவள் தோள் எப்படித் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ‘இம்மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று வாசலில் போட்டோ ஒட்டும் வழக்கம் உள்ள எந்த ஆலைக்கும் இந்தப் படம் பொருந்தும். ஆணையிடுகிறவர் பொருளைத்தான் தீர்மானிக்க முடிகிறது. ஓவியர் எங்கே உட்காருவார் என்பதை முழுசாகத் தீர்மானிக்க முடிவதில்லை.

கேமரா இருக்கும்போது ஓவியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள். ஒன்று, இந்த வட்டாரத்தின் நடைமுறை. எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பலவற்றில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அல்லது கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். தொழில் ரகசியம், நியாயம்தான். விளைவு என்னவென்றால், எல்லோரும் எல்லாவற்றையும் படமெடுக்கும் காலத்தில், தான் எட்டு மணிநேரம் நிற்கும் இடத்தின் ஒரு படம்கூடத் தொழிலாளியின் கையில் இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர் கொண்டுவர முடிகிற ஒரே படம் நினைவில் இருப்பது. அதை எடுக்க பென்சில்தான் கருவி. இரண்டாவது பதிலை கெர்ஹார்ட் ரிக்டர் கொடுத்தார். டிரெஸ்டனில் சோஷலிசச் சுவரோவியம் பயின்று, 1961-இல் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிவந்தவர். 1963-இல் டுசல்டார்ஃப் நகரின் ஒரு மரச்சாமான் கடையில் நண்பரோடு தானே காட்சிப்பொருளாக உட்கார்ந்து, ‘முதலாளித்துவ யதார்த்தம்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்தார். பிறகு குடும்ப ஆல்பத்துப் போட்டோக்களை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே வரைந்து, ஈரம் காயும் முன் தூரிகையால் இழுத்து மங்கலாக்கினார். 1965-இல் வரைந்த ‘ரூடி மாமா’வில் நாஜிப் படைச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறார் அவர் சொந்த மாமா. போட்டோவில் கண் அரை நொடியில் கடந்துவிடும் சிரிப்பு, வரைந்து மங்கலாக்கியதும் கடக்க முடியாததாகிவிடுகிறது. ஒரு கை பல நாள் ஒரு முகத்தோடு இருந்தது என்ற தடயம் கேமராவில் கிடைக்காது.

பசித்தவனுக்குப் படம் எதற்கு, சம்பளத்தை ஏற்றச் சொல்லுங்கள் என்பது கடைசி ஆட்சேபம். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் பந்தலில் உட்கார்ந்தது சங்கத்தைப் பதிவுசெய்யவும் சம்பளத்துக்கும். யாரும் ஓவியம் கேட்கவில்லை. உண்மை. கோல்விட்ஸின் தொடரால் சிலேசிய நெசவாளருக்குக் கூலி ஏறவில்லை. அவர் செதுக்கியபோது அந்தக் கிளர்ச்சிக்கு ஐம்பது வயது. ஆனால் பேரரசர் ஒருவர் பதக்கத்தை மறுக்கும் அளவுக்கு அது யாரையோ உறுத்தியது. கூலி கேட்பவரை எண்ணாகப் பார்க்கும் பழக்கத்தைப் படம் கெடுக்கும், பேரரசருக்கு அது பிடிக்கவில்லை. இதன் மறுபக்கம் நம்மிடமே இருக்கிறது. 2006-இல் தொடங்கி, ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கே கைப்பேசி அனுப்பிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. பல ஆயிரம் பேர், அதில் பெரும்பாலும் இளம்பெண்கள், இருபது வயதில் முதல் சம்பளம் வாங்கிய இடம் அது. வரி வழக்கைப் பற்றி, நிறுவனம் கைமாறியதைப் பற்றித் தேடினால் கட்டுரை கட்டுரையாகக் கிடைக்கும். அந்த லைனில் நின்று வேலை செய்வது எப்படி இருந்தது, எந்த வெளிச்சம், யார் பக்கத்தில், எந்த மேசை என்பது அந்தப் பெண்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

செலவுக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிச் சுவர்களுக்குப் பூவும் பட்டாம்பூச்சியும் வரைகிறார்கள். அதில் ஒரு பங்கு போதும். 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைக்கல்லூரி பெரியமேட்டில் இருக்கிறது, ஒரகடம் அங்கிருந்து ஒரு பஸ் பயணம். கெத்தே நிறுவனத்தோடு கைகோத்து 2016-இல் தொடங்கிய சென்னைப் புகைப்பட ஈராண்டு விழா போல ஆரவாரமாக ஒன்றைத் தொடங்க வேண்டியதும் இல்லை. வல்லம் வடகால் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தாளும் பென்சிலும் வைத்து ஓர் அறை. இரண்டு ஆண்டு கழித்து அதிலிருந்து ஓர் அச்சுத்தொடர். மரச்செதுக்கு அச்சு மலிவானது, நூறு பிரதி எடுத்து நூறு வீட்டில் மாட்டலாம். கோல்விட்ஸ் அச்சை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டரும் டர்னரும் இன்ஜினியரிங் டிராயிங் படித்தவர்கள். கோடு போடத் தெரியாத கூட்டம் இல்லை இது. சொல்லப்போனால் முதல் நல்ல ஒரகடம் ஓவியம் கலைக்கல்லூரியிலிருந்து வருவதைவிட சி ஷிப்ட் முடித்த ஒருவரிடமிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

ஆலைக்குள் விடுவார்களா என்ற கேள்வி மிஞ்சும். மென்ட்செலுக்கு அரண்மனைப் பெயர் இருந்தது, விட்டார்கள். பெயரில்லாதவருக்கு கேட்டில் செக்யூரிட்டி பதில் சொல்வார். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பாலுஷெக்கின் பெண்கள் ஆலைக்கு வெளியேதான் நடந்துவருகிறார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்களும், கழுத்தில் அடையாள அட்டையோடு டீக்கடையில் நிற்பவர்களும், விடுதிக்குத் திரும்பும் வேனில் ஜன்னலோரம் தூங்கிப்போனவர்களும் இருப்பது பொதுச் சாலையில். அங்கே ஒரு நோட்டைத் திறந்து வரைய எந்த ஹெச்.ஆர். துறையிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டாம்.